வருகை: எதிர்கொள்பவரைக் கேட்கும் சொல்

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலத்துக்குத் தமிழர் நடுவே மூன்று பெயர்கள் வழங்குகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய வழிபாட்டு நூல்கள் அதைத் ‘திருவருகைக்காலம்’ என்கின்றன. சீர்திருத்தச் சபைகளில் ‘ஆகமன காலம்’ என்ற பெயர் இன்றும் காதில் விழும். சுவிட்சர்லாந்தின் சோலோத்தூர்ன் மாநிலத்தில், ஓல்ட்டன் நகரை ஒட்டி, ஹவுவென்ஸ்டைன் மலையடிவாரத்தில் இருக்கும் திரிம்பாக் போன்ற ஊரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ பள்ளியிலும் தெருவிலும் கேட்டுப் பழகிய ‘அட்வென்ட்’ என்ற சொல்தான் நாவில் முந்தும். மூன்றும் ஒரே பொருளைச் சொல்வதாகவே அகராதி காட்டும். ஆனால் மூன்றின் வரலாறும் ஒன்றல்ல. அவற்றுள் ‘வருகை’ என்ற தமிழ்ச்சொல் மற்ற இரண்டும் வெளிப்படச் சொல்லாத ஒன்றைத் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது: வருபவர் ஒருவர் இருந்தால் போதாது, அவர் வந்து சேரும் இடத்தில் நின்று அழைக்கவும் எதிர்கொள்ளவும் ஒருவர் வேண்டும். இக்காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு சபையை எதற்காக ஆயத்தப்படுத்துகிறோம் என்ற கேள்விக்கு இந்தச் சொல்லின் வரலாறு தெளிவான விடை தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலத்தீனிலிருந்து தொடங்குவோம். ‘அத்வெந்துஸ்’ என்பது ‘அத்’ என்ற முன்னொட்டும் ‘வெனீரே’ என்ற வினையும் சேர்ந்து பிறந்த பெயர். ஓரிடத்தை நோக்கி வந்து சேர்தல் என்பது பொருள். கிறிஸ்தவர்கள் எடுத்தாள்வதற்கு முன்பே உரோமை அரசில் அதற்கு ஒரு சடங்குப் பொருள் இருந்தது. பேரரசர் ஒரு நகருக்குள் முறைப்படி நுழைவது அத்வெந்துஸ். அந்த நிகழ்வைக் கொண்டாடி அடித்த நாணயங்களில் அச்சொல்லையே பொறித்தார்கள். கிரேக்கம் பேசிய கிழக்குப் பகுதிகளில் அரசரோ உயர் அதிகாரியோ ஊருக்கு வருவதைப் ‘பருசியா’ என்றார்கள். அப்படி ஒருவர் வரும்போது நகரத்தார் மதிலுக்குள் காத்துக் கிடப்பதில்லை. பெரியவர்களும் மக்களும் வாயிலைக் கடந்து வெளியே போய், வழியில் அவரைச் சந்தித்து, அவரோடு சேர்ந்து ஊருக்குள் திரும்புவார்கள். அந்தச் சந்திப்புக்குக் கிரேக்கத்தில் ‘அபாந்தேசிஸ்’ என்று பெயர். மணமகனைச் சந்திக்க விளக்கோடு புறப்பட்ட பத்துக் கன்னியர் கதையிலும், உரோமை நகரச் சகோதரர்கள் பவுலைச் சந்திக்க அப்பியு சந்தைவரை வந்த செய்தியிலும், ஆண்டவர் வரும் நாளைப் பற்றித் தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதிய முதல் மடலிலும் இதே சொல் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குத் தேர்ந்தது ‘எதிர்கொள்’ என்ற வினை. அது மிகப் பொருத்தமான தேர்வு. சித்திரைத் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கிவரும் கள்ளழகரை மதுரை மக்கள் மூன்றுமாவடியில் போய் வரவேற்பதை ‘எதிர்சேவை’ என்கிறோம். நகரத்தின் எல்லைக்குப் போய் நின்று வருபவரைக் கண்டு, அவரோடு ஊருக்குள் வருவது என்ற வழக்கம் தமிழ் நிலத்துக்கும் பழக்கமானதே.

‘ஆகமனம்’ சமஸ்கிருதச் சொல். அதில் ‘கம்’ என்ற வினைக்குத் தனியாகப் பொருள் ‘போதல்’. ‘ஆ’ என்ற முன்னொட்டு சேரும்போதுதான் அது ‘வருதல்’ ஆகிறது. மொழிநூலார் காட்டும் உறவு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. சமஸ்கிருதக் ‘கம்’, இலத்தீன் ‘வெனீரே’, ஜெர்மன் ‘கொம்மன்’ ஆகிய மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே அத்வெந்துஸை ஆகமனம் என்று மொழிபெயர்த்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, ஒரே குடும்பத்துச் சொல்லைத்தான் எடுத்துவைத்தார்கள். ஓல்ட்டன் தொடர்வண்டி நிலையத்தில் வண்டி வந்துசேரும் நேரத்தைக் குறிக்கும் ‘அன்குன்ஃப்ட்’ என்ற சொல்லும் அதே வேருடையது. எதிர்காலத்தைக் குறிக்க இன்றைய ஜெர்மனில் வழங்கும் ‘ட்சுகுன்ஃப்ட்’ இன்னும் வியப்பானது. 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் செய்த மொழிபெயர்ப்பில், மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் வருகையைக் குறிக்க நின்ற சொல் அதுவே. நம்மை நோக்கி வருவது என்ற பொருள் பின்னர் காலத்தின் பெயராகிவிட்டது. தமிழில் இதற்கு இணையான பார்வை இருக்கிறது. தொல்காப்பியர் மூன்று காலங்களுக்கு இட்ட பெயர்கள் இறப்பு, நிகழ்வு, எதிர்வு. வரப்போகும் காலம் நமக்கு எதிரே, நம் முகத்துக்கு நேராக வருவது. நாம் அதை எதிர்கொள்கிறோம். எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிர்கொள்ளல் மூன்றும் ஒரே அடிச்சொல்லில் கிளைத்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

‘வருகை’யின் வேர் ‘வா’. மலையாளத்தில் வரு, கன்னடத்தில் பரு என்று திராவிட மொழிகளெங்கும் பரவிய பழஞ்சொல் அது. திசைகாட்ட அதற்கு முன்னொட்டு எதுவும் வேண்டாம்; திசை அதன் உள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இதை நுட்பமாக வகுக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கு வினைகளை எடுத்துக்கொண்டு, தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்கிறார் தொல்காப்பியர். அதாவது என்னிடம் வரலாம், உன்னிடம் வரலாம்; மூன்றாம் ஒருவரிடம் போவது செலவுதான், வரவு ஆகாது. இவ்விதியின்படி வருதல் என்று சொன்ன மாத்திரத்தில் வந்துசேரும் இடத்தில் ‘நான்’ அல்லது ‘நீ’ நிற்க வேண்டும். பேச்சில் பங்குபெறாத வெற்றிடத்துக்கு யாரும் ‘வர’ முடியாது. விடைபெறும் வேளையில் தமிழர் ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்பதும், யாழ்ப்பாணத்தார் ‘போட்டு வாறன்’ என்பதும் இந்த இலக்கணத்தின் உயிருள்ள சான்று. அந்த ‘வாறன்’ கேட்பவருக்குக் கொடுக்கும் வாக்கு: நீ நிற்கும் இடத்துக்கே மீண்டும் வருவேன். விண்ணேறியவர் திரும்பவும் வருவார் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை விளக்க, நாம் அன்றாடம் வாசற்படியில் சொல்லும் இச்சொற்றொடரைவிட நெருக்கமான ஒன்று எந்த இறையியல் நூலிலும் கிடைக்காது.

இந்த விதி பிற்காலத் தமிழில் தளர்ந்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். ‘அவன் தன் நண்பனிடம் வந்தான்’ என்று இன்று எழுதுகிறோம். அங்கே தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை. உண்மைதான். ஆனால் அப்படி எழுதும்போது கதை சொல்பவர் தன்னையே அந்த நண்பனின் அருகில் நிறுத்திக்கொள்கிறார். ‘நண்பனிடம் போனான்’ என்று எழுதினால் பார்வை புறப்பட்ட இடத்தில் நிற்கிறது. ‘வந்தான்’ என்றால் சேரும் இடத்துக்கு மாறிவிடுகிறது. விதி தளர்ந்த இடத்திலும் அதன் அடிப்படை மாறவில்லை. வருதலைப் பேசுகிறவர் எவரும் சேருமிடத்தில் போய் நின்றே பேசுகிறார்.

பெயராகும்போது அச்சொல் என்ன ஆகிறது? இலக்கண நூலார் தொழிற்பெயர் விகுதிகளாகக் கொடுக்கும் பட்டியலில் ‘கை’யும் உண்டு, ‘ஆனை’யும் உண்டு. முன்னதால் வருகை, பின்னதால் வாரானை. இரண்டும் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியத்தில் ஒரே பருவத்தின் பெயர்களாக நிற்கின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் கடந்து ஆறாவதாக வருவது வருகைப் பருவம். ஏறக்குறைய ஓராண்டு நிரம்பிய குழந்தை தளர்நடை இடும் வேளையில், கைநீட்டித் தன்னிடம் வரும்படி அழைப்பதே அப்பருவத்தின் பாட்டு. பெயர் ‘வருகை’, பாடல்கள் முடிவது ‘வருக’ என்ற அழைப்பில். வந்துவிட்டதைத் தெரிவிக்கும் செய்திச்சொல்லாக அது அங்கே நிற்பதில்லை, வரச்சொல்லிக் கெஞ்சும் குரலாகவே நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் இந்தப் பருவமே பெரும்புகழ் பெற்றது. இந்த இலக்கிய வகையில் கிடைக்கும் பழைய முழுநூல், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் என்பதும் நம் வாதத்துக்குத் துணை. பாட்டுடைத் தலைவன் சோழப் பேரரசன். பாடும் முறையோ குழந்தையை அழைப்பது. அரசனின் வருகையும் குழந்தையின் வருகையும் ஒரே சொல்லில் சேர்ந்துநின்ற மரபு இது. அம்மரபைத் தொடர்ந்தே அருள் செல்லத்துரை 1985இல் இயேசுபிரான் பிள்ளைத்தமிழை வெளியிட்டார். உரோமைச் சொல் அரசரின் நுழைவிலிருந்து தொடங்கிக் குழந்தையிடம் வந்து சேர நூற்றாண்டுகள் ஆயின. தமிழ்ச்சொல் அந்த இரண்டையும் ஏற்கெனவே தன்னிடம் வைத்திருந்தது.

வருகைக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. தமிழகப் பள்ளிகளில் மாணவர் வந்திருப்பதைக் குறித்துவைக்கும் ஏடு ‘வருகைப் பதிவேடு’. இலங்கையில் அது ‘வரவு இடாப்பு’. இங்கே வருகையும் வரவும் பயணத்தைக் குறிக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே இருப்பதையே குறிக்கின்றன. கிரேக்கப் ‘பருசியா’வின் அடிப்படைப் பொருளும் அருகில் இருத்தல்தான்; வருதல் என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. மத்தேயு 24இல் அச்சொல் வரும் இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் ‘வருகை’ என்றே பெயர்த்திருப்பது இதனால் இன்னும் பொருள் பொதிந்ததாகிறது. இந்த இரண்டாம் பொருளை வைத்துக்கொண்டு திருச்சபை வரலாற்றைப் பார்த்தால் ஒரு பழைய சான்று ஒளிபெறுகிறது. 380ஆம் ஆண்டு ஸ்பெயினின் சரகோசா நகரில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் சனவரி 6இல் வரும் திருக்காட்சிப் பெருவிழாவரை, 21 நாள்கள், யாரும் கோவிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். அந்த விதிக்குத் திருவருகைக்காலம் என்ற பெயர் அப்போது இல்லை. ஆனாலும் இன்று நாம் கடைசி வாரத்தின் தொடக்கமாகக் கொள்ளும் அதே தேதி, மக்கள் வந்து ஒன்றாய் இருக்க வேண்டிய நாளாக அங்கே நிற்கிறது. கடவுளின் வருகையைப் பற்றிய காலம் வளர்வதற்கு முன்பே சபையின் வருகையைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கர் ‘திருவருகை’யை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு உடனடிக் காரணம் எளியது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை ஏற்றபின் வழிபாடு மக்கள்மொழிக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாப்பரசர் திருத்தந்தையானார். ஈழத்துக் கத்தோலிக்கரின் பேச்சில் பூசையும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் போர்த்துக்கீசியம் தந்த ‘நத்தார்’ என்ற பெயரும் இன்னும் நிலைத்திருக்கின்றன. அது பழமையின் அழகு, குறையன்று. ‘திரு’ என்ற அடை சேர்ந்த சொற்களில் சில வெறும் மாற்றீடுகளாகத் தோன்றலாம். வருகை அப்படிப்பட்டதன்று. தெய்வம் வருவதற்குத் தமிழில் ‘எழுந்தருளல்’ என்ற உயர்ந்த சொல் ஆயத்தமாக இருந்தது. உற்சவமூர்த்தி வீதிக்கு வருவதை அப்படித்தான் சொல்கிறோம். அதில் பார்வை வருபவரிடம் நிற்கிறது: அவர் எழுகிறார், அருளுகிறார். வருகையில் பார்வை சேருமிடத்தில் நிற்கிறது. எழுந்தருளலைக் கண்டு வணங்கலாம்; வருகைக்கோ வீட்டைத் திறந்துவைக்க வேண்டும். ‘வரவேற்பு’ என்ற சொல்லே வரவை ஏற்பது என்றுதானே பிரிகிறது? தேர்ந்தவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்களா என்பது முக்கியமில்லை. அவர்கள் தேர்ந்த சொல் இந்தப் பொறுப்பையும் சேர்த்தே சபையின் கையில் கொடுத்துவிட்டது.

இனி வழிபாட்டு ஒழுங்கைப் பார்ப்போம். சொல் காட்டும் வழியும் வழிபாடு போகும் வழியும் பொருந்துகின்றனவா என்று அங்கேதான் தெரியும். 1969இல் வந்த உரோமை வழிபாட்டு ஆண்டின் பொது நெறிகள் இக்காலத்துக்கு இரு பண்புகள் உண்டு என்கின்றன: முதல் வருகையை நினைத்தல், இறுதி வருகையை எதிர்பார்த்தல். டிசம்பர் 16வரை இரண்டாவது மேலோங்கும். 17 முதல் 24வரை பிறப்பு விழாவுக்கான நேரடி ஆயத்தம். முதல் ஞாயிறு இறுதி நாளைப் பற்றியும் விழித்திருத்தலைப் பற்றியும் பேசுகிறது. இரண்டாம் மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் நிற்கிறார். நான்காம் ஞாயிறு என்ன வாசிக்கிறது? மூன்றாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டில் யோசேப்பின் கனவு. இரண்டாம் ஆண்டில் வானதூதர் மரியாவுக்குச் சொன்ன மங்களச் செய்தி. மூன்றாம் ஆண்டில் மரியாவை எலிசபெத்து வரவேற்றது. மூன்றிலும் நடுவே நிற்பவர்கள் ஏற்றுக்கொண்டவர்கள். யோசேப்பு மரியாவை வீட்டில் ஏற்கிறார். மரியா சொல்லை ஏற்கிறார். எலிசபெத்து வாசலில் வந்தவரை அடையாளம் கண்டுகொள்கிறார். அரசரைப் பற்றிப் பேசித் தொடங்கிய காலம், முடியும் வாரத்தில் அவரை எதிர்கொண்டவர்களின் கதையாகிறது. வீரமாமுனிவர் தேம்பாவணிக்கு யோசேப்பைப் பாட்டுடைத் தலைவனாக்கி, ‘வளன்’ என்று பெயரிட்டுக் காப்பியத்தின் நடுவே நிறுத்தியதும் இத்தகைய ஒரு பார்வையில்தான் பொருந்துகிறது: பேசாமல், செயலால் வரவேற்றவர் அவர்.

இந்த நாள்களின் மாலைப் புகழ்மாலையில் இன்னும் வலுவான சான்று இருக்கிறது. டிசம்பர் 17 முதல் 23வரை ஏழு மாலைகளில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் பாடப்படும் ஏழு முன்மொழிகள் ‘ஓ’ என்ற விளியுடன் தொடங்குகின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று ஏழு பெயர்கள். ஒவ்வொன்றிலும் வரும் வினை ‘வெனி’, அதாவது ‘வாரும்’. அதுவரை பெயர்ச்சொல்லாக இருந்த அத்வெந்துஸ் கடைசி வாரத்தில் ஏவல்வினையாக மாறுகிறது. வருகை ‘வருக’ என்றாகும் பிள்ளைத்தமிழ் முறையை இலத்தீன் வழிபாடும் தன் வழியில் கண்டிருக்கிறது. அந்த ஏழு இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகக் கூட்டினால் ‘ஏரோ கிராஸ்’ என்று வரும். ‘நாளை இருப்பேன்’ என்பது பொருள். வாரும் என்ற அழைப்புக்கு இருப்பேன் என்ற மறுமொழி. வருதல், அருகில் இருத்தல் என்ற இரு பொருளும் அங்கே சந்திக்கின்றன. பல சுவிஸ் கத்தோலிக்கப் பங்குகளில் இக்காலத்து விடியற்காலையில் மெழுகுதிரி ஒளியில் நடக்கும் ‘ரொராத்தே’ வழிபாடும் வானம் பனியாய்ப் பொழியட்டும் என்ற எசாயாவின் வேண்டுதலிலிருந்து பெயர் பெற்றது. அதுவும் ஏவலே, அழைப்பே.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் வலிமையானது வரலாற்றிலிருந்தே வருகிறது. இக்காலம் தோன்றியது வரவேற்பாக அல்ல, தவமாக என்பார்கள். 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்புவரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று வகுத்தார். 6ஆம் நூற்றாண்டில் மாக்கோனில் கூடிய சங்கம் அதை உறுதிசெய்தது. ஊதா உடை அந்த மரபின் அடையாளம். மிலான் மரபைப் பின்பற்றும் இடங்களில், திசினோ மாநிலத்தின் லெவெந்தீனா, பிளேனியோ பள்ளத்தாக்குகளில், இன்றும் இக்காலத்துக்கு ஆறு ஞாயிறுகள். நோன்பு, மனமாற்றம், பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றைக் குறைத்து வரவேற்பை உயர்த்துவது காலத்தின் ஆழத்தை இழப்பதாகாதா? இக்கேள்வி மதிக்கத்தக்கது. ஆனால் தவத்தையும் வரவேற்பையும் பிரித்துவைப்பதில்தான் பிழை இருக்கிறது. இரண்டாம் ஞாயிறில் யோவானின் குரலாக ஒலிக்கும் எசாயாவின் உருவகம் சாலை போடுவது: பள்ளம் நிரப்பி, மேடு தாழ்த்தி, வழியைச் செம்மைப்படுத்தல். அரசர் வரும் வழியைச் செப்பனிடுவது எதிர்கொள்ளலின் முதல் வேலை. கடைசி வாரத்தில் ஒப்புரவுக்காகக் கோவிலில் வரிசையில் நிற்பவர் தன்னைத் தண்டித்துக்கொள்ள நிற்கவில்லை. வருபவர் தடுக்கி விழாதிருக்க வழியிலுள்ள கல்லை எடுத்துப்போட நிற்கிறார். யாருக்காகத் தவம் என்ற கேள்விக்கு வருகை என்ற சொல் விடை சொல்கிறது. அந்த விடை இல்லாத நோன்பு உடற்பயிற்சியாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு மொழி பற்றியது. வேரைத் தோண்டி எடுத்த பொருள் இன்று பேசுபவர் மனத்தில் இல்லையே. தொல்காப்பிய விதியை நினைத்துக்கொண்டா ஒருவர் திருவருகைக்காலம் என்கிறார்? வேர்ப்பொருளைக் கொண்டு இன்றைய பொருளைக் கட்டளையிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே காட்டிய சான்றுகள் பழைய ஏடுகளில் மட்டும் இருப்பவை அல்ல. ‘போய் வருகிறேன்’ இன்றும் சொல்லப்படுகிறது. வரவேற்பும், எதிர்பார்ப்பும், வரவு இடாப்பும் நேற்றைய பேச்சிலும் இருந்தன. சிறு குழந்தையின் முன் மண்டியிட்டு ‘வா, வா’ என்று கைநீட்டாத தமிழ் வீடு இல்லை. இலக்கணம் தெரியாதவரும் அந்த இலக்கணத்தின்படியே பேசுகிறார். சொல்லாராய்ச்சியின் பணி இறந்த பொருளை உயிர்ப்பிப்பதன்று. வழக்கில் உயிரோடு இருந்தும் கவனிக்கப்படாத பொருளைச் சுட்டிக்காட்டுவது.

மூன்றாவது மறுப்பு திரிம்பாக்கைப் போன்ற இடத்திலிருந்து எழும், அதுவே நெஞ்சைத் தொடுவது. எதிர்கொள்பவர் என்றால் ஊருக்கு உரியவர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து போரின் நடுவே வெளியேறி சுவிட்சர்லாந்துக்கு வந்தவர்கள் தாங்களே வந்தவர்கள்; வரவேற்பைக் கேட்டு நின்றவர்கள். அவர்கள் எந்த வாசலில் நின்று யாரை எதிர்கொள்வது? நாள்முறை மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கும், இரவல் மண்டபத்திலோ பிறமொழிப் பங்கின் கோவிலிலோ கிடைத்த நேரத்தில் கூடும் சபைக்கும் இந்த வாரம் வெறும் அலைச்சல்தானே? இந்த வாதத்தின் முன்பாதி சரியானது. அதன் முடிவு சரியன்று. தொல்காப்பியர் வருதலுக்குக் கேட்பது நிலவுரிமையை அன்று. பேச்சில் நிற்கும் ‘நான்’, ‘நீ’ என்ற இருவரை மட்டுமே. ‘இங்கே’ என்று சொல்லத் துணிந்தவர் நிற்கும் இடமே இங்கே. பெத்லகேமில் அன்று வரவேற்றவர்களும் ஊருக்குச் சொந்தக்காரர்கள் அல்லர்: குடிக்கணக்குக்காக வந்த யோசேப்பும் மரியாவும், வயல்வெளியில் இரவுக் காவல் நின்ற இடையர்களும். வந்தவர்கள்தாம் வந்தவரை எதிர்கொண்டார்கள்.

திரிம்பாக் என்றதும் சுவிஸ் தமிழர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மனோன்மணி அம்பாள் ஆலயம். இத்தகைய இந்து ஆலயங்கள் போற்றும் மார்கழி பிறப்பது டிசம்பர் 16ஐ ஒட்டி. திருச்சபையின் கடைசி வாரம் தொடங்குவது 17இல். ஒரு பக்கம் பள்ளியெழுச்சியும் பாவையும் விடியுமுன் உறங்குவோரை எழுப்பும் மாதம். மறுபக்கம் விடியலே வாரும் என்று அழைக்கும் வாரம். இரண்டையும் ஒன்றென்று குழப்ப வேண்டியதில்லை. நம்பிக்கைகள் வேறு, பொருள் வேறு. ஆனால் ஆண்டின் மிக நீண்ட இரவுகளில் விழித்தெழுந்து அழைப்பது என்ற பயிற்சியை ஒரு கிறிஸ்தவத் தமிழர் தம் அயலவரிடம் காண்கிறார் என்றால், தம் சபையில் அதை விட்டுவிட அவருக்குக் காரணம் இல்லை. இதே பயிற்சிக்குச் சுவிஸ் ஊர்கள் பலவற்றிலும் ஒரு வடிவம் உண்டு. டிசம்பர் முதல் நாளிலிருந்து 24வரை ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டின் சன்னல் அலங்கரிக்கப்பட்டு ஒளியேற்றப்படும். பல வீடுகளில் அன்று கதவும் திறந்திருக்கும், வந்தவருக்குச் சூடாக ஏதேனும் குடிக்கக் கிடைக்கும். யார் வருவார் என்று தெரியாமலே வாசலைத் திறந்துவைப்பதுதான் அதன் சாரம். ஒரு தமிழ்க் குடும்பம் அந்தச் சன்னல்களில் ஒன்றை ஏற்று நடத்துமானால், அந்த மாலை அது ஊரில் வந்து குடியேறிய குடும்பம் என்ற நிலையைத் தாண்டி, ஊரை எதிர்கொள்ளும் குடும்பமாகிறது.

அப்படியானால் கடைசி வாரத்தில் சபையை ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன? ஒளிவிழா மேடை, பாலன் குடில், பிள்ளைகளின் நாடக ஒத்திகை, கரோல் பாடல், பலகாரம் எல்லாம் தேவையானவைதான். அவற்றின் அவசரத்தில் விடுபட்டுப்போவது அழைக்கும் பழக்கம். நான்காம் ஞாயிறு எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து அந்த வாரத்தின் நீளம் மாறும். 2022இல் அது டிசம்பர் 18இல் வந்ததால் முழு வாரம் கிடைத்தது. 2023இல் டிசம்பர் 24இலேயே வந்து அன்று இரவே திருவிழிப்பாயிற்று. ஞாயிறை மட்டும் நம்பியிருக்கும் சபைக்குச் சில ஆண்டுகளில் ஆயத்தமே கிடைக்காது. ஆகவே 17 முதல் தேதிப்படி ஏழு மாலைகளைக் கைக்கொள்வதே உறுதியான வழி. கோவிலில் கூட முடியாதவர்கள் வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் அன்றைய விளியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பிள்ளைகளையும் ‘வாரும்’ என்று சொல்லவைக்கலாம். ஜெர்மனில் மட்டும் அட்வென்டை அறிந்த பிள்ளைக்கு, அது நாட்காட்டியில் சன்னல் திறந்து சாக்லேட் எடுக்கும் காலம் மட்டுமன்று, ஒருவரை அழைக்கும் காலம் என்று அப்போது தெரியும். நோயில் இருப்பவர், தனியே இருக்கும் முதியவர், நகர முகாமில் அனுமதிக்குக் காத்திருக்கும் புதியவர் ஆகியோரிடம் அந்த வாரத்தில் போவது எதிர்கொள்ளலின் நேரடிச் செயல். எலிசபெத்தின் வாசலுக்கு மரியா போனதும் அந்த வாரத்தின் வாசகம்தானே?

12ஆம் நூற்றாண்டில் கிளர்வோ துறவுமடத்து பெர்னார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: மனிதராகப் பிறந்த முதல் வருகை, மாட்சியோடு வரும் இறுதி வருகை, இரண்டுக்கும் இடையே உள்ளத்தில் நிகழும் மறைவான வருகை. முதலாவது நடந்துவிட்டது, இறுதியானது நம் கையில் இல்லை. நடுவில் உள்ளதே ஒரு சபையின் பொறுப்பாகிறது, ஏனெனில் அதற்கு மட்டும்தான் நாம் இன்று இங்கே நிற்க வேண்டியிருக்கிறது. வருகை என்ற சொல்லை அன்றாடம் சரியாகவே பயன்படுத்தும் தமிழருக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய இறையியல் அன்று. வாசலில் விடைபெறும்போதும் குழந்தையை அழைக்கும்போதும் அவர்கள் செய்துவருவதைக் கோவிலுக்குள்ளும் செய்வதே போதும். திருவருகைக்காலத்தின் கடைசி வாரத்துக்கான ஆயத்தம் ஒரு சபைக்கு விதிக்கும் பணி ஒன்றுதான்: வருபவரை ‘வாரும்’ என்று அழைக்கக் கூடியவர்களாக, அவர் எந்த வடிவில் வந்தாலும் எழுந்துபோய் எதிர்கொள்ளக் கூடியவர்களாகத் தன் மக்களை ஆக்குவது. அதைச் செய்யாத சபையின் நாட்காட்டியில் அக்காலம் நான்கு ஞாயிறுகளாக மட்டும் இருக்கும். செய்யும் சபைக்கு அது வருகையாக இருக்கும்.